எழுவாய் இருக்கிறது, பயனிலை எங்கே? முதல் வீடியோ கேமுக்கான வழிகள்: ஓர் ஒப்பீடு

"ஒரு கேம் செய்ய வேண்டும். கதை முழுவதும் தலைக்குள் இருக்கிறது. யூனிட்டி படிப்பதா, அன்ரியல் படிப்பதா? இல்லை, யாரையாவது வைத்துச் செய்துகொள்வதா?" யூனிட்டியும் அன்ரியலும் கேம் செய்யப் பயன்படும் மென்பொருள்கள், 'என்ஜின்' என்பார்கள். ஏறக்குறைய இதே கேள்வி மாதத்துக்கு இரண்டு முறையாவது என்னிடம் வந்துவிடுகிறது. கேட்பவர்களில் பள்ளி மாணவர்களும் உண்டு, ஓய்வுபெறும் வயதில் இருப்பவர்களும் உண்டு.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "உங்கள் கேமில் விளையாடுகிறவர் என்ன செய்கிறார்?" பதிலாகப் பெரும்பாலும் ஒரு புராணமே வந்து சேரும். சபிக்கப்பட்ட அரசன், ஏழு தீவுகள், இரண்டு குலங்களின் தீராப் பகை. எழுவாய்கள் வரிசைகட்டி நிற்கின்றன, பயனிலையைத்தான் காணோம். தாவுகிறாரா, ஒளிகிறாரா, பயிர் வைக்கிறாரா, இரண்டு பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறாரா? அந்த வினைச்சொல் தெரியாமல் எந்தக் கருவி நல்லது என்று யாராலும் சொல்ல முடியாது. தெரிந்துவிட்டால் பாதிப் பதில் கையில் இருக்கிறது.

எல்லா வழிகளையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க என் பழைய யோசனை ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். இருட்டில் ஒரு பெண் விளக்கோடு நடக்கிறாள். விளக்கு எரிந்தால் வழியும் குழியும் தெரியும், ஆனால் எண்ணெய் தீரும். அணைத்தால் எண்ணெய் மிஞ்சும், கண் தெரியாது. என் வினைச்சொல் 'அணை'. இந்தச் சின்ன யோசனையை ஒவ்வொரு வழியிலும் நடத்திப் பார்ப்போம்.

## எதை வைத்து எடை போடுவது

என் கணக்கில் முதல் அளவுகோல், உங்களைத் தவிர வேறொருவர் அதை விளையாட எத்தனை நாளாகும் என்பது. மற்றவை எல்லாம் இதற்குப் பின்னால்தான். தலைக்குள் இருக்கும்வரை எல்லாக் கேமும் அருமையான கேம். வேறொருவர் கையில் கொடுத்தவுடன்தான் அது கேமா, வெறும் ஆசையா என்பது தெரியவரும்.

இரண்டாவது, கற்க வேண்டியது எவ்வளவு, அந்தக் கல்வி அடுத்த கேமுக்கும் உதவுமா என்பது. மூன்றாவது, விளம்பரத்தில் சொல்லப்படாத செலவுகள். 'இலவசம்' என்று எழுதியிருக்கும் கருவிக்கும் ஓவியம், ஒலி, வெளியீட்டுக் கட்டணம், எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் மாலை நேரங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. நான்காவது, நிலம் யாருடையது? நாளை அந்த நிறுவனம் விதியை மாற்றினால் உங்கள் வீடு நிற்குமா?

அழகான கிராஃபிக்ஸ் இந்தப் பட்டியலில் இல்லை. மறந்துவிடவில்லை, முதல் கேமுக்கு அதை அளவுகோலாக வைத்தவர்களில் கேமை முடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

## தாளும் பகடையும்

இதைச் சொன்னால் முகம் சுருங்கும். "வீடியோ கேம் பற்றிக் கேட்டால் தாளைக் காட்டுகிறீர்களே?" என்பார்கள். ஆனாலும் முதலில் இதையே சொல்வேன்.

விளக்கு கேமை நான் தாளில்தான் தொடங்கினேன். அட்டையை எட்டுக்கு எட்டாகச் சதுரங்களாக வெட்டி, சிலவற்றின் பின்புறம் 'குழி' என்று எழுதிக் கவிழ்த்து வைத்தேன். பெண்ணுக்கு ஒரு நாணயம். எண்ணெய்க்கு இருபது தீக்குச்சிகள். விளக்கு எரியும்போது நாணயத்தைச் சுற்றியுள்ள அட்டைகளை நான் திருப்பிக் காட்டுவேன், ஓர் அடிக்கு ஒரு குச்சி போகும். அணைத்தால் அட்டைகள் மறுபடி கவிழும், குச்சி போகாது. விளையாட உட்கார்ந்தவள் என் தங்கை.

முதல் ஆட்டத்தில் அவள் விளக்கை அணைக்கவே இல்லை. எரியவிட்டபடியே நேராக நடந்து, மூன்று குச்சி மிச்சம் வைத்து வெளியேறிவிட்டாள். என் கேமின் ஒரே வினைச்சொல்லுக்கு வேலையே இல்லாமல் போனது. குச்சிகளைப் பதினான்காகக் குறைத்தேன். இப்போது அணைத்தாள். ஆனால் பயந்து பயந்து நடக்கவில்லை. ஏற்றினாள், சுற்றிலும் பார்த்தாள், குழி இருந்த அட்டையின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டாள், அணைத்தாள், மளமளவென்று நடந்தாள். திகில் கேம் என்று நான் நினைத்திருந்தது நினைவாற்றல் கேமாக மாறி உட்கார்ந்திருந்தது. இதைக் கண்டுபிடிக்க ஆன செலவு ஒரு மாலையும் ஓர் அட்டைப்பெட்டியும். இதே உண்மையை ஓர் என்ஜினில் கண்டுபிடித்திருந்தால், அதற்குள் பேய் உருவங்களுக்கும் அலறல் ஒலிகளுக்கும் இரண்டு மாதம் கொடுத்திருப்பேன்.

மறைந்த செலவு என்று பார்த்தால், நீங்களே கணினியாக உட்கார்ந்து எண்ண வேண்டும். பத்து விதிகளுக்கு மேல் போனால் தலை சுற்றும். பெரிய குறை வேறு. கையின் வேகத்தை நம்பியிருக்கும் வினைச்சொற்கள் தாளில் செத்துவிடும். தாவுதல், சுடுதல், வண்டி ஓட்டுதல் எதையும் இங்கே சோதிக்க முடியாது. முடிவெடுத்தல், வாங்குதல், திட்டமிடுதல், ஒளித்துவைத்தல், பேரம் பேசுதல் ஆகியவற்றுக்கு இதைவிட மலிவான சோதனைக்கூடம் கிடையாது.

## ஒரே வகை கேமுக்கென்று பிறந்த கருவிகள்

உங்கள் வினைச்சொல் 'படித்துத் தேர்ந்தெடு' என்றால் ட்வைன் போதும். 2009-இல் கிறிஸ் கிளிமாஸ் உருவாக்கிய இலவசக் கருவி அது. ஒரு பத்தி எழுதி, சொல் ஒன்றை இரட்டை அடைப்புக்குறிக்குள் போட்டால் அது அடுத்த பத்திக்கான கதவாகிவிடும். முடிந்ததும் கிடைப்பது பிரவுசரில் திறக்கும் ஒரே கோப்பு. காலையில் தொடங்கினால் மாலையில் நண்பருக்கு அனுப்பலாம். கூடவே முகங்களும் பின்னணிப் படங்களும் இசையும் வேண்டுமென்றால் ரென்பை. 2004 முதல் இருப்பது, பைத்தான் மொழியின் மேல் எழுந்தது. 2017-இல் வெளிவந்து பெயர்பெற்ற டோகி டோகி லிட்டரேச்சர் கிளப் இதில் செய்யப்பட்டதுதான்.

ஊர் ஊராக நடந்து, மனிதர்களிடம் பேசி, சண்டை போடும் பழைய பாணிக் கதைகளுக்கு ஆர்பிஜி மேக்கர் வரிசை இருக்கிறது. 2011-இல் வந்த டு தி மூன் அதன் பழைய பதிப்பு ஒன்றில் செய்யப்பட்டது, அதில் சண்டை என்று சொல்லத்தக்கதே இல்லை. கருவி தரும் போர்க்களத்தை மூலையில் வைத்துவிட்டு, நடக்கவும் பேசவும் மட்டும் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். சிறுவர்களுக்கு எம்ஐடி மீடியா லேபில் உருவான ஸ்கிராட்ச் 2007 முதல் இருக்கிறது. பெரியவர்களும் கூச்சப்படாமல் தொடலாம்.

இவற்றின் உண்மையான விலை, சுவரில் முட்டும்போது தெரியும். கருவி எதிர்பார்க்கும் பாதையில் போகும்வரை எல்லாம் வெண்ணெய். பாதையைவிட்டு ஓர் அடி விலகினால் மாற்று வழி தேடும் வேலை தொடங்கும். என் விளக்கு கேமை ஆர்பிஜி மேக்கரில் செய்து பார்த்தேன். பெண் இரண்டு நிமிடத்தில் நடந்தாள். விளக்கைச் சுற்றி மட்டும் வெளிச்சம், அடிக்கு ஒரு துளி எண்ணெய் என்பதற்கு யாரோ எழுதிய செருகுநிரல் ஒன்றைத் தேடிப் பிடித்து, அது என் பதிப்போடு ஒத்துப்போகாமல் மூன்று இரவுகள் போயின. உங்கள் யோசனையும் கருவியின் வகையும் ஒன்றாக இருந்தால் இதைவிடக் குறுக்கு வழி இல்லை. 'ஆர்பிஜி மாதிரிதான், ஆனால்…' என்று வாக்கியம் தொடங்கினால், அந்த 'ஆனால்' எவ்வளவு நீளம் என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.

## முழு கேம் என்ஜின்கள்

பெரும்பாலானவர்கள் நேராக வந்து நிற்கும் வாசல் இதுதான். வினைச்சொல் கையின் வேகத்தைச் சார்ந்தது என்றால் நானும் இங்கேதான் அனுப்புவேன். ஏன் என்பதற்கு ஒரு தாவலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஓடிவரும் பாத்திரம் விளிம்பில் தாவ வேண்டும். விளையாடுபவர் விளிம்பைத் தாண்டிக் கண்ணிமைக்கும் நேரம் தாமதமாகப் பொத்தானை அழுத்துகிறார். கால் காற்றில் இருக்கிறது; விதிப்படி தாவ முடியாது, விழ வேண்டும். விழுந்தால் அவர் தன்னைக் குற்றம் சொல்ல மாட்டார், "அழுத்தினேனே!" என்று கேமைத் திட்டுவார். அதனால் நல்ல தாவல் கேம்கள் சற்று மன்னித்துவிடுகின்றன. 2018-இல் வந்த செலஸ்ட் கேமின் பாத்திர நிரலை அதைச் செய்தவர்களே பொதுவில் வெளியிட்டிருக்கிறார்கள். அதில் இந்த மன்னிப்பின் அளவு 0.1 வினாடி. அந்த எண்ணை 0.05 ஆக்கினால் கேம் கொடூரமாகும், 0.3 ஆக்கினால் காற்றில் நடப்பதுபோல் ஆகும். இப்படிப்பட்ட எண்களை மாற்றி மாற்றி உடனே விளையாடிப் பார்ப்பதற்குத்தான் என்ஜின் வேண்டும். பளபளக்கும் மலைகளும் அலையடிக்கும் கடலும் அப்புறம்.

எந்த என்ஜின்? நான்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கோடோ. 2014-இல் திறந்த மூலமாக (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்), எம்ஐடி உரிமத்தில் வெளியிடப்பட்டது. வருவாயில் பங்கு கேட்பதில்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, நிறுவவும் வேண்டியதில்லை. ஒரே கோப்பை இறக்கித் திறந்தால் வேலை தொடங்கும். பழைய மடிக்கணினியிலும் இருபரிமாண வேலைக்கு மூச்சு வாங்காது. இதன் ஜிடிஸ்கிரிப்ட் மொழி பைத்தான் சாயல் கொண்டது. குறை என்னவென்றால், விளையாட்டு கன்சோல்களுக்கு நேரடியாக ஏற்றுமதி செய்ய முடியாது. கன்சோல் நிறுவனங்களின் இரகசிய ஒப்பந்தங்களும் திறந்த மூலமும் ஒத்துப்போவதில்லை. இடையில் வேறு நிறுவனங்களின் உதவி தேவைப்படும். முதல் கேம் செய்பவருக்கு இது பெரிய குறை என்று நான் நினைக்கவில்லை.

யூனிட்டி. 2005 முதல் இருக்கிறது, சி ஷார்ப் மொழி. எந்தச் சந்தேகத்தைத் தேடினாலும் யாராவது ஏற்கெனவே கேட்டிருப்பார்கள். தொடக்கக்காரருக்கு இது சிறிய வரமல்ல. பன்னிரண்டு மாத வருவாய் 2,00,000 டாலரைத் தாண்டாதவரை தனிநபர் பதிப்பு இலவசம். நிலம் யாருடையது என்ற அளவுகோலுக்கு மட்டும் இங்கே ஒரு கதை உண்டு. 2023 செப்டம்பரில், கேம் நிறுவப்படும் எண்ணிக்கையைக் கணக்கிட்டுக் கட்டணம் வசூலிக்கப்போவதாக நிறுவனம் அறிவித்தது. கேம் செய்பவர்கள் கொதித்தெழுந்தார்கள். ஓராண்டு கழித்து, 2024 செப்டம்பரில் அது கைவிடப்பட்டது. கைவிட்டதும் உண்மை, அறிவித்ததும் உண்மை.

அன்ரியல். முப்பரிமாணத்தில் கண்ணைப் பறிப்பது. ஒரு கேமின் மொத்த வருவாய் பத்து லட்சம் டாலரைத் தாண்டிய பிறகு, தாண்டிய தொகையில் 5 சதவீதம் பங்கு. நிரல் எழுதாமல் பெட்டிகளைக் கோடுகளால் இணைக்கும் புளூபிரிண்ட் முறை இருப்பதால் எளிது என்று நினைத்து வருபவர்கள் நிறைய. கோடுகளும் ஒருவகை நிரல்தான். தர்க்கம் பிழைத்தால் அங்கேயும் பிழைக்கும். பல பத்து ஜிபி இடம், நல்ல கிராஃபிக்ஸ் அட்டை, பொறுமை மூன்றும் வேண்டும். தனியாள், முதல் கேம், இருபரிமாணம் என்றால் எறும்பைத் தூக்க யானையைக் கட்டி இழுத்த கதைதான்.

கேம்மேக்கர். இருபரிமாணத்துக்கென்றே பழகிய கை. 2015-இன் அண்டர்டேல் இதில் செய்யப்பட்டது. 2023 நவம்பர் முதல், விற்காத கேம்களுக்கு இலவசம், விற்க 99.99 டாலர் ஒருமுறை கட்டணம். கன்சோலுக்குத் தனிச் சந்தா.

என் பரிந்துரை வெளிப்படையானது: தனியாள், இருபரிமாணம், கையில் பணமில்லை என்றால் கோடோ. வேலைவாய்ப்பும் ஒரு நோக்கம் என்றால் யூனிட்டி. முப்பரிமாணக் காட்சிகளே உங்கள் ஆர்வம் என்றால் மட்டும் அன்ரியல். இவற்றுக்கிடையே மூன்று மாதம் ஆராய்ச்சி செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மூன்று மாதத்தில் மூன்றில் எதையாவது ஒன்றைக் கற்றே முடித்திருக்கலாம். மாறி, நிபந்தனை, சுழற்சி, மோதல் கண்டறிதல் எல்லாம் எங்கும் ஒன்றுதான். ஒரு என்ஜினில் கற்றது அடுத்ததற்குப் பெருமளவு கூடவே வரும்.

மறைந்த செலவுகள் இந்த வழியில்தான் அதிகம். முதலாவது, பாடக் காணொளிகள். பார்க்கும்போது எல்லாம் புரியும், மூடியதும் வெற்றுத் திரை. பார்த்ததை அப்படியே செய்து முடித்தபின் அதில் ஒரு விதியையாவது நீங்களாக மாற்றாவிட்டால் எதுவும் கையில் ஒட்டாது. இரண்டாவது, யாரும் கனவு காணாத வேலைகள்: தொடக்கத் திரை, இடைநிறுத்தம், சேமித்தல், ஒலியளவு, பொத்தான்களை மாற்றும் வசதி. கேம் முடிந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கும் நாளில் இவை அனைத்தும் வாசலில் நிற்கும். மூன்றாவது, படமும் ஒலியும். கென்னி தளத்தில் எந்த நிபந்தனையும் இல்லாத படத் தொகுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன; முதல் கேமை அவற்றை வைத்தே முடிக்கலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

நான்காவது, வெளியீடு. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்ட வேண்டும்; கேம் 1,000 டாலர் வருவாய் கண்டால்தான் அது திரும்பி வரும். கூகுள் பிளேயில் ஒருமுறை 25 டாலர். ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டாலர், கூடவே கேமைக் கட்டமைக்க ஒரு மேக் கணினியும் வேண்டும். இட்ச் ஐஓ தளத்தில் பதிவேற்றக் கட்டணமில்லை. விற்றால் தளத்துக்கு எவ்வளவு பங்கு என்பதையும் நீங்களே முடிவு செய்யலாம். முதல் கேமுக்கு அதுவே போதும்.

ஐந்தாவதை என் அனுபவத்தில் சொல்கிறேன். ஒருமுறை கோப்புறையை 'புதியது', 'புதியது2', 'கடைசி', 'உண்மையான கடைசி' என்று நகலெடுத்து வைத்து, தவறானதை அழித்து, ஒரு வாரத்து வேலையை இழந்தேன். ஒவ்வொரு பதிப்பையும் சேமித்து வைக்கும் கிட் போன்ற பதிப்புக் காப்பகம் ஒன்றை முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள். அரை நாள் போதும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் நிரல் கேட்கலாமா என்றும் கேட்கிறார்கள். கேட்கலாம். வருவது சில நேரம் ஓடும், சில நேரம் பழைய பதிப்பின் கட்டளைகளோடு வரும். எது எது என்று தெரிய அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். கேமுக்குள் அப்படி உருவாக்கிய படமோ ஒலியோ இருந்தால் 2024 தொடக்கத்திலிருந்து ஸ்டீம் அதை அறிவிக்கச் சொல்கிறது.

## இருக்கும் கேமுக்குள்ளேயே கட்டுவது

வேறொருவர் கட்டிய வீட்டில் ஓர் அறை போடுவது இது. ஓடுதல், சுடுதல், பலர் சேர்ந்து விளையாடுதல் எல்லாம் ஏற்கெனவே வேலை செய்யும்; நீங்கள் விதியை மட்டும் மாற்றுகிறீர்கள். கவுன்டர்-ஸ்டிரைக் 1999-இல் ஹாஃப்-லைஃப் கேமுக்கான மோடாக, அதாவது விளையாடுபவர்கள் செய்த மாற்று வடிவமாகத்தான் பிறந்தது. டோட்டா, வார்கிராஃப்ட் 3 கேமின் வரைபடத் திருத்தியில் முளைத்தது. இன்று ரோப்லாக்ஸிலும் ஃபோர்ட்நைட்டின் திருத்தியிலும் அதையே செய்யலாம். ரோப்லாக்ஸில் லுவா வழிவந்த லுவாவ் மொழி.

பலர் இணையத்தில் சேர்ந்து விளையாடும் கேம்தான் உங்கள் யோசனை என்றால், தொடக்கக்காரருக்கு நடைமுறைக்கு ஒத்த ஒரே வழி இதுதான் என்று துணிந்து சொல்வேன். சர்வர், தாமதம், ஏமாற்று வேலைகள் ஆகியவற்றைத் தனியாகச் சமாளிப்பது அனுபவசாலிகளையே அழவைக்கும். விளையாட ஆட்களும் அங்கேயே இருக்கிறார்கள்.

விலை, நான்காவது அளவுகோலில் இருக்கிறது. 2020-இல் வார்கிராஃப்ட் 3 மறுபதிப்பு வந்தபோது, பயனர்கள் அதற்குள் உருவாக்கும் கேம்கள் அதை வெளியிட்ட நிறுவனத்தின் சொத்தாகவே இருக்கும் என்று விதியில் எழுதினார்கள். டோட்டா வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போனதை அவர்கள் மறக்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம். நீங்கள் கட்டும் அறையின் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதை, சலிப்பாக இருந்தாலும், படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

என் விளக்குப் பெண்ணுக்கு இந்த வழி ஒத்துவரவில்லை. தனியாக இருட்டில் நடக்க வேண்டியவளைச் சந்தையில் விட்டதுபோல் ஆகிவிடும்.

## என்ஜினே இல்லாமல், வெறும் நிரலாக

ஏற்கெனவே நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு மட்டும். லுவா மொழி தெரிந்தால் லவ், ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தால் ஃபேசர் என்று கேமுக்கான நிரல் தொகுப்புகள் இருக்கின்றன. 2024-இன் பலாட்ரோ லவ் கொண்டும், வாம்பயர் சர்வைவர்ஸின் முதல் பதிப்பு ஃபேசர் கொண்டும் செய்யப்பட்டவை. ஆகவே இது பொழுதுபோக்காளர்களின் பாதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். இதிலுள்ள ஆபத்து வேறு: கேம் செய்ய உட்கார்ந்து, ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அரைகுறை என்ஜின் ஒன்று செய்திருப்பீர்கள்.

## ஆள் சேர்ப்பது, ஆளுக்குக் காசு கொடுப்பது

இந்த வழியைக் கேட்பவர்களிடம் இரண்டு பயங்கள் சேர்ந்தே இருக்கும். யோசனையைச் சொன்னால் திருடிவிடுவார்களோ என்பது ஒன்று. பதிப்புரிமை யோசனைக்குக் கிடையாது, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்குத்தான் உண்டு. அந்த மட்டில் பயம் நியாயம். ஆனால் நடைமுறையில், கேம் செய்யத் தெரிந்த ஒவ்வொருவரிடமும் முடிக்காத சொந்த யோசனைகள் பத்து கிடக்கின்றன. உங்களுடையதைத் திருட அவர்களுக்கு நேரமில்லை. மாறாக, 'யோசனை என்னுடையது, உழைப்பு உங்களுடையது, லாபத்தில் பாதி' என்ற அழைப்பைக் கேட்டால் ஓடிவிடுவார்கள். நீங்களும் எதையாவது கையில் கொண்டுபோக வேண்டும்: விளையாடத்தக்க தாள் மாதிரி, எழுதி முடித்த உரையாடல், வரைந்த பாத்திரங்கள், இசை.

காசு கொடுத்துச் செய்வதென்றால் மறைந்த செலவு, மனமாற்றம். விளக்கு கேமில் இருபது குச்சியைப் பதினான்காக்க எனக்கு ஒரு நொடி ஆனது. கூலிக்குச் செய்பவரிடம் அது ஒரு மின்னஞ்சல், ஒரு மறுமொழி, சில நேரம் ஒரு கூடுதல் பில். கேம் என்பதே இப்படி நூறு தடவை எண்ணை மாற்றிப் பார்க்கும் வேலை. அதனால் விதிகள் தாளில் நன்றாக முற்றிய பிறகே பணத்தை எடுங்கள். மூல நிரலும் உரிமையும் யாருக்கு என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஓவியம், இசை என்று ஒரு பகுதிக்கு மட்டும் ஆள் வைப்பது முழுவதையும் ஒப்படைப்பதைவிட எப்போதும் பாதுகாப்பானது.

கூட்டாளியைத் தேட எனக்குத் தெரிந்த நல்ல இடம், கேம் ஜாம்கள். 2002-இல் தொடங்கிய லூடம் டேர், 2009 முதல் நடக்கும் குளோபல் கேம் ஜாம் போன்றவற்றில் இரண்டு மூன்று நாளில் ஒரு சிறு கேமை முடிக்க வேண்டும். ஒருவரோடு சேர்ந்து வேலை செய்ய முடியுமா என்பது அதற்குள் தெரிந்துவிடும். ஹாலோ நைட் கேமின் வேர் 2013-இல் லூடம் டேருக்காகச் செய்த ஒரு குட்டி கேமில் இருக்கிறது.

தனியாகவே எல்லாவற்றையும் செய்வேன் என்பவர்கள் உதாரணமாகச் சொல்வது ஸ்டார்டியூ வேலி. எரிக் பரோன் ஒருவரே நிரல், படம், இசை, எழுத்து அனைத்தையும் செய்து 2016-இல் வெளியிட்டார், உண்மை. சுமார் நான்கரை ஆண்டுகள், நடுவில் ஓர் அரங்கில் பகுதிநேர வேலை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | பிறர் விளையாட | கற்க வேண்டியது | சொல்லப்படாத செலவு | நிலம் |
|---|---|---|---|---|
| தாள் | ஒரு மாலை | ஒன்றுமில்லை | வேகம் சார்ந்தவை தேறாது | உங்களுடையது |
| வகைக் கருவிகள் | ஒரு நாள் முதல் சில வாரம் | கொஞ்சம் | வகையைவிட்டு விலகினால் சுவர் | பெரும்பாலும் உங்களுடையது |
| முழு என்ஜின் | சில வாரம் முதல் சில மாதம் | நிறைய, ஆனால் நிலைக்கும் | படம், ஒலி, திரைகள், வெளியீடு | கோடோ: உங்களுடையது, மற்றவை: உரிம விதிப்படி |
| பிறர் கேமுக்குள் | சில நாள் முதல் சில வாரம் | நடுத்தரம் | அந்த மேடைக்கு வெளியே செல்லாது | அவர்களுடையது |
| வெறும் நிரல் | நிரல் தெரிந்தால் சில வாரம் | மிக நிறைய | என்ஜின் செய்வதில் மூழ்குவது | உங்களுடையது |
| ஆள் வைப்பது | ஒப்பந்தம்போல | மேலாண்மை | ஒவ்வொரு மனமாற்றமும் | எழுதி வாங்கியதுபோல |

## இப்போது உங்கள் வினைச்சொல்

'படி', 'தேர்ந்தெடு', 'பேசு' என்றால் ட்வைனில் இந்த வாரமே தொடங்குங்கள். 'திட்டமிடு', 'வாங்கு', 'பந்தயம் கட்டு' என்றால் தாள், அதன் பின் என்ஜின். 'தாவு', 'ஓடு', 'அடி' என்றால் தாளைத் தாண்டி நேராக என்ஜின். ஒரு சாம்பல் நிறப் பெட்டியைத் தாவவிட்டு, அந்தத் தாவல் மட்டுமே பத்து நிமிடம் அலுக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். 'சேர்ந்து விளையாடு' என்றால் இருக்கும் கேமுக்குள். இன்னும் அரசனும் ஏழு தீவுகளும் மட்டும்தான் இருக்கிறார்கள் என்றால், உங்களுக்கு வேண்டியது ஒருவேளை நாவலாக இருக்கலாம். கேலியாகச் சொல்லவில்லை, அப்படி எழுதத் தொடங்கி மகிழ்ச்சியாக இருப்பவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

விளக்கு கேம் இப்போது கோடோவில் இருக்கிறது. விளையாடும் நிலைக்கு வர மூன்று வாரம் ஆனது. அதில் நான்கு நாள் வெளிச்சத்தின் விளிம்பு மெல்ல மங்குவதற்கு மட்டும் போனது. எண்ணெய் பதினான்கு அடிக்குத்தான், தாளில் கண்ட அதே எண். கைப்பேசிக்கும் கொண்டுபோகலாம் என்று நினைத்துத் தங்கையிடம் கொடுத்தேன். விளக்கை ஏற்றினாள், பார்த்தாள், அணைத்தாள், திரையில் குழி இருந்த இடத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டாள். தொட்ட இடத்துக்குப் பெண் நடந்துபோய்க் குழியில் விழுந்தாள். அதனால் கணினிப் பதிப்பு மட்டும்தான் வரும்.